இதயக் கட்டியும் ஸ்கேன்களும்: கேள்வி பதில்

கேள்வி: மூச்சிரைப்புக்காக அம்மாவுக்கு எடுத்த எக்கோவில் (ஒலியலைகளால் இதயத்தைப் படமெடுக்கும் சோதனை), இதயத்தின் இடது மேலறையில் கட்டி இருப்பதாகத் தெரிந்தது. அது புற்றுநோயா?

பதில்: இதயத்திலேயே தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. பெரியவர்களிடம் அதிகம் காணப்படும் மிக்சோமா என்ற புற்றுநோயல்லாத கட்டி, நான்கில் மூன்று பேருக்கு இடது மேலறையில்தான், இரு மேலறைகளையும் பிரிக்கும் சுவரிலிருந்து காம்பு விட்டு வளர்கிறது. எக்கோ திரையைக் கவனித்தால், கீழறை விரியும்போது கட்டி, இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வின் வழியே உள்ளே சரிவதையும், சுருங்கும்போது மேலறைக்குத் திரும்புவதையும் காணலாம். அம்மாவின் மூச்சிரைப்புக்குக் கட்டி இப்படி வால்வை அடைப்பதே காரணமாக இருக்கக்கூடும். கட்டியின் துணுக்கு உடைந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும் என்பதால், மிக்சோமா என்று உறுதியானால் அறுவை சிகிச்சையைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். 1954-இலேயே ஸ்டாக்ஹோமில் அறுவை மருத்துவர் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு இக்கட்டியை வெற்றிகரமாக அகற்றிவிட்டார்.

கேள்வி: அப்பாவுக்கு மாரடைப்பு வந்த பின், இடது கீழறையின் நுனியில் ஏதோ இருக்கிறது என்கிறார்கள். கட்டியா, இரத்த உறைவா என்று எப்படி அறிவது?

பதில்: மாரடைப்பால் அசைவிழந்த தசையை ஒட்டி இருந்தால் முதலில் உறைவையே சந்தேகிப்போம். ஐயம் நீடித்தால் எம்.ஆர்.ஐ. மிகவும் உதவும். கட்டிக்கு இரத்த ஓட்டம் உண்டு. உறைவுக்குப் பொதுவாக இல்லை. எனவே படத்தைத் தெளிவாக்கும் காடோலினியம் மருந்தை ஊசியில் செலுத்திப் படமெடுக்கையில் கட்டி பெரும்பாலும் அதை உள்வாங்கி வெண்மையாகத் தெரியும், உறைவோ கறுப்பாகவே நிற்கும். மிக்சோமாவின் மேற்பரப்பிலும் உறைவு படிவதுண்டு என்பதால், இடம், அசைவு, நோயாளியின் வரலாறு ஆகியவற்றையும் சேர்த்தே முடிவு செய்கிறோம்.

கேள்வி: கருவிலுள்ள குழந்தையின் இதயத்தில் மூன்று கட்டிகள் தெரிகின்றன. மிகவும் பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் புரிகிறது, அம்மா. கருவில் பல கட்டிகள் தெரிந்தால் அவை பெரும்பாலும் ராப்டோமயோமா என்ற, இதயத் தசையில் வளரும் புற்றுநோயல்லாத கட்டிகள்தான். பிறந்தபின் பல குழந்தைகளுக்கு அவை தாமாகவே சுருங்கிவிடுகின்றன. இரத்த ஓட்டம் தடைபடுகிறதா, துடிப்பு சீராக உள்ளதா என்று கரு எக்கோவைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். டியூபரஸ் ஸ்கிளரோசிஸ் என்ற மரபணு நோயோடு இதற்கு நெருங்கிய தொடர்பு இருப்பதால், மூளை, சிறுநீரகம், தோல் ஆகியவற்றையும் சோதிப்பது அவசியம்.

கேள்வி: பழைய பேஸ்மேக்கர் இருப்பதால் எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. இ.சி.ஜி.யோடு இணைத்து எடுக்கும் சி.டி., கட்டியிலுள்ள கால்சியத்தையும் கொழுப்பையும் நன்றாகக் காட்டும். நுரையீரலில் பரவியிருக்கிறதா என்பதையும் அதே படத்தில் பார்த்துவிடலாம். வால்வில் ஒட்டிய சிறு கட்டி என்றால், உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோவைக் கேளுங்கள்.