லண்டன் வாடகைக்கு யூனிவர்சல் கிரெடிட் போதவில்லை

சகோதரி, ஈஸ்ட்ஹாமில் 7 வயது மகன், 4 வயது மகளோடு தனியாக இருக்கிறேன், யூனிவர்சல் கிரெடிட் என்ற பிரிட்டன் அரசு உதவித்தொகையில், மூன்று படுக்கையறை வீட்டு வாடகையில் பாதிக்கு மேல் ஏன் தர மறுக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். தனியார் வீடு என்றால் உங்கள் வாடகையை முழுதாகத் தர மாட்டார்கள், அந்தந்த ஏரியாவுக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அண்ணன் தங்கை என்றாலும், இருவரும் 10 வயதுக்குக் கீழே இருக்கும்வரை ஒரே அறை என்றுதான் கணக்கு. ஆக, உங்களுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என இரண்டு படுக்கையறைக்கான தொகைதான். மகனுக்கு 10 ஆனால் மூன்றாகும்.

அப்புறம், மாத ஸ்டேட்மென்ட்டில் ‘பெனிபிட் கேப்’ (அரசு உதவித்தொகைகளின் மொத்தத்துக்கான வரம்பு) என்று தனியாக ஒரு கழிவு இருக்கிறதா என்று பாருங்கள். லண்டனில் பிள்ளைகளோடு இருப்பவருக்கு ஆண்டுக்கு 25,323 பவுண்டுதான் வரம்பு. குறைந்தபட்ச ஊதியத்தில் வாரம் 16 மணி நேர வேலைக்கு ஈடாகச் சம்பாதித்தால் அந்தக் கழிவு போய்விடும். பிள்ளை பார்க்கும் செலவிலும் 85 சதவீதம் வரை, ஓர் உச்சவரம்புக்குள், திரும்பக் கிடைக்கும். இதைப் பலர் கேட்பதே இல்லை!

பாக்கி சேரும் முன்பே கவுன்சிலிடம் வாடகைக் குறைக்கு உதவி கேளுங்கள். ‘பெனிபிட்காரருக்கு வீடில்லை’ என்று ஏஜென்ட் சொன்னால் எழுத்தில் வாங்குங்கள்; அப்படி மறுப்பது சட்டவிரோதம் என்று 2020-இல் யார்க் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.