பழைய 350 பிளாக் வாங்கும் முன்

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். என்னிடம் உள்ள 1972 செவர்லே நோவாவுக்கு 350 எஞ்சின் (350 கன அங்குல V8) கட்டப் போகிறேன். ஒருவர் பழைய பிளாக் (எஞ்சினின் வார்ப்பிரும்பு உடல்) ஒன்று வைத்திருக்கிறார். "010 காஸ்டிங், நாலு போல்ட் மெயின், இதுவரை போர் அடிக்காதது (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்காதது)" என்று சொல்லி விலையை ஏற்றுகிறார். வாங்கலாமா?

பதில்: அவர் சொல்வது உண்மையா என்று பிளாக்கிலேயே பார்த்துவிடலாம். பின்பக்கம், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பில், டிரைவர் பக்கமாக 3970010 என்ற காஸ்டிங் (வார்ப்பு) எண் இருக்கும், அதன் கடைசி மூன்று இலக்கம்தான் 010. இந்த எண்ணில் ரெண்டு போல்ட் பிளாக்கும் வந்திருக்கிறது, நாலு போல்ட்டும் வந்திருக்கிறது. அதனால் எண்ணைக் காட்டி நாலு போல்ட் என்றால் ஏற்காதீர்கள். ஆயில் பானைக் கழற்றி, கிராங்க்ஷாஃப்டைப் பிடித்திருக்கும் மெயின் கேப்புகளில் எத்தனை போல்ட் என்று பாருங்கள். சாலையில் ஓட்ட 350, 400 குதிரைத்திறன் போதும் என்றால் நல்ல ரெண்டு போல்ட் பிளாக்கே தாங்கும். நாலு போல்ட் என்பதற்காக மட்டும் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

அதைவிட முக்கியம் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம். ஒரிஜினல் அளவு 4.000 அங்குலம். பிஸ்டன் தலையில் 030 (0.030 அங்குலம் கூடுதல்) என்று குத்தியிருந்தால் ஏற்கெனவே ஒருமுறை போர் அடித்தாகிவிட்டது. அது 355 கன அங்குல எஞ்சின். அதில் தவறில்லை. ஆனால் 060 வரை போய்விட்ட பிளாக் என்றால், சுவரின் கனத்தை அல்ட்ராசோனிக் கருவியால் அளக்காமல் தொடாதீர்கள். சுவர் மெலிந்தால் எஞ்சின் சூடேறும், மறுபடி போர் அடிக்கவும் இடம் இருக்காது.

அப்புறம் விரிசல். குளிர்ப் பகுதிகளில் வெறும் தண்ணீரோடு நிறுத்திவைத்த எஞ்சினில் தண்ணீர் உறைந்து பிளாக்கைப் பிளந்திருக்கலாம். லிஃப்டர்கள் (வால்வுகளைத் திறக்க உதவும் துண்டுகள்) இருக்கும் பள்ளத்தையும் இரண்டு பக்கவாட்டுச் சுவர்களையும் நன்றாகப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலை மெஷின் ஷாப்பில் காந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். "விரிசல் இருந்தால் பணம் திரும்ப" என்று விற்பவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு பிளாக்கை நேராக அங்கே கொண்டுபோங்கள். எழுதித் தர மறுத்தால் விட்டுவிடுங்கள், 350 பிளாக்குக்கு அமெரிக்காவில் பஞ்சமே இல்லை.

கேள்வி: காம்ஷாஃப்ட் (லிஃப்டர்களைத் தள்ளும் தண்டு) பழைய ஃபிளாட் டேப்பட் வகையா (தட்டையான லிஃப்டர் உரசி ஓடுவது), ரோலரா (லிஃப்டரில் உருளை இருப்பது)?

பதில்: கையில் பணம் இருந்தால் ரோலர். ஃபிளாட் டேப்பட் விலை குறைவுதான், ஆனால் முதல் அரை மணி நேரத்திலேயே தேய்ந்து போகக்கூடியது. இன்றைய சாதாரண கார் ஆயில்களில் துத்தநாகச் சேர்மம் குறைவு. அதனால் புதுக் காமைப் பழக்கும் பிரேக்-இன் ஆயிலைத் தனியாக வாங்குங்கள். புதுக் காமுக்குப் புது லிஃப்டர்தான், பழையதைப் போடவே கூடாது. ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் விடாமல் 2000 முதல் 2500 ஆர்பிஎம்மில் குறைந்தது 20 நிமிடம் ஓட வேண்டும். அதனால் கார்புரேட்டரில் பெட்ரோல், ரேடியேட்டரில் தண்ணீர், இக்னிஷன் டைமிங் எல்லாவற்றையும் முதலிலேயே சரிபார்த்துவிடுங்கள்.

ரோலர் என்று முடிவெடுத்தால் உங்கள் பிளாக்குக்கு ரெட்ரோஃபிட் (பழைய பிளாக்கில் பொருத்தும்) லிஃப்டர் என்று கேட்டு வாங்குங்கள். 1987 முதல் வந்த ரோலர் பிளாக்கின் லிஃப்டர் இதில் உட்காராது. காம் முன்பக்கம் நகராமல் தடுக்கும் பட்டனும், காமின் உலோகத்துக்கு ஒத்துப்போகும் டிஸ்ட்ரிபியூட்டர் கியரும் வேண்டும். இரண்டையும் காம் ஆர்டர் செய்யும்போதே சேர்த்துக் கேளுங்கள்.