வசம்பு: உரசிக் கொடுக்கலாமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இரண்டு மாதக் குழந்தை. வயிறு உப்பி ராத்திரியெல்லாம் அழுகிறான். வசம்பைச் சுட்டு, தாய்ப்பாலில் உரசி நாக்கில் தடவச் சொல்கிறார் மாமியார். தடவலாமா?

வேண்டாம். மாமியாரைக் குறை சொல்லவில்லை. ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றே அதற்குப் பேர் இருக்கும்போது அவர் வேறென்ன சொல்வார்? ஆனால் ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறு எதுவும், தண்ணீர்கூட, குழந்தைக்குத் தேவையில்லை. உரசும் கல்லிலும் தடவும் விரலிலும் இருக்கும் கிருமி குழந்தையின் வயிற்றுக்குள் போகும். வசம்பிலேயே பீட்டா அசரோன் என்றொரு கெடுதலான பொருள் இருக்கிறது. அந்த வாசனைக்குள் இருப்பது அதுவும்தான். சுடும்போது கொஞ்சம் ஆவியாகிப் போகலாம். மிச்சம் எவ்வளவு என்று வீட்டில் யாரால் அளக்க முடியும்? ‘துளியூண்டுதானே’ என்பார்கள். நான்கைந்து கிலோ உடம்புக்குத் துளி என்பது எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும்.

பால் குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்யுங்கள். மல்லாத்திப் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றுப் பக்கமாக மெல்ல மடக்கி நீட்டுங்கள். பச்சையாக வாந்தி, காய்ச்சல், மலத்தில் ரத்தம், பால் குடிக்க மறுப்பது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

கையில் வசம்பு வளையலாவது போடலாமா?

குழந்தை கையை வாயில் வைக்காது என்று உங்களால் உத்தரவாதம் தர முடிந்தால் போடுங்கள்! முடியாதல்லவா? நூல் அறுந்து ஒரு துண்டு தொண்டையில் சிக்கினால் இன்னும் ஆபத்து.

ஞாபகசக்திக்காகத் தினமும் கால் ஸ்பூன் வசம்புப் பொடியைத் தேனில் குழைத்துச் சாப்பிடுகிறேன். வெளிநாட்டில் டீயாகவே குடிக்கிறார்களாமே?

நிறுத்திவிடுங்கள். வசம்பு எல்லாம் ஒன்றல்ல. வட அமெரிக்காவில் இயல்பாக விளையும் வகையில் பீட்டா அசரோன் இல்லை. ஐரோப்பாவில் உள்ளதில் குறைவு. நம் இந்திய வசம்பின் எண்ணெயில்தான் மிக அதிகம், பெரும்பகுதியே அதுதான் என்று சொல்லும் அளவுக்கு. இந்திய வசம்பெண்ணெயைத் தொடர்ந்து உணவில் கலந்து கொடுத்த எலிகளுக்குக் குடலில் புற்றுநோய்க் கட்டிகள் வந்தன. 1968-இல் அமெரிக்கா வசம்பையும் அதன் எண்ணெயையும் உணவில் சேர்க்கத் தடை விதித்தது. மனிதனுக்கும் அப்படியே வரும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் தினப்படிப் பழக்கமாக விழுங்கும் பொருளல்ல இது.

சித்த மருத்துவர் ஒருவர் உங்களைப் பார்த்து, சுத்தி செய்த, அதாவது நஞ்சைக் குறைக்கும்படி பக்குவப்படுத்திய மருந்தை அளவோடு சில நாளுக்குத் தருவது வேறு விஷயம். தூக்க மாத்திரையோ வலிப்பு மாத்திரையோ சாப்பிட்டால் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம்.

ஆறு வயதுப் பையன் ஒரு துண்டை மென்று விழுங்கிவிட்டான். வாந்தி நிற்கவில்லை.

இதற்குக் கேள்வி அனுப்பிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. வசம்பு வாந்தி மணிக்கணக்கில் நீடிக்கும், உடம்பில் நீர் வற்றிவிடும். உப்பு-சர்க்கரைக் கரைசலைச் சிறுகச் சிறுகக் கொடுத்தபடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிச்சத் துண்டைக் கையோடு எடுத்துப் போங்கள். விரலை விட்டு மேலும் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

அரிசியில் வண்டு. வசம்பு போடலாமா?

இதற்கு நான் முழு ஆதரவு. பூச்சியின் இனப்பெருக்கத்தைக் கெடுப்பதும் அதே அசரோன்தான். இரண்டு துண்டைத் துணியில் முடிந்து அரிசிக்குள் வையுங்கள். பொடியாகத் தூவ வேண்டாம், அரிசியோடு உலைக்குப் போய்விடும். புத்தக அலமாரியிலும் வைக்கலாம்.

குளத்தோரம் வாள் போன்ற இலையுடன் ஒரு செடி. வசம்புதானா?

இலையைக் கசக்கி முகருங்கள். வசம்பென்றால் கும்மென்று வாசனை வரும், நடுநரம்பும் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். வாசனையே இல்லையென்றால் ஐரிஸ் என்ற வேறு செடியின் வகையாக இருக்கலாம். அதன் கிழங்கு நஞ்சு. பிடுங்காதீர்கள்.