ராஜராஜன் காலத்து நாடகத்துக்கு உடை செய்ய என்ன துணி, எங்கே வாங்குவது?

நீங்கள் கேட்டிருப்பது இது: கல்லூரி நாடகம், ராஜராஜ சோழன் காலம், மேடையில் 12 பேர். வாடகைக் கடை வெல்வெட் அங்கி வேண்டாம், அந்தக் காலத்துக்குக் கொஞ்சமாவது பொருந்த வேண்டும். துணி, சாயம், நகை, தோல் எல்லாம் எங்கே கிடைக்கும்?

வெல்வெட் வேண்டாம் என்று முடிவு செய்தது நல்லது. சரிகை வைத்த வெல்வெட் கோட்டும் சாட்டின் கால்சட்டையும் கம்பெனி நாடகக் காலத்தில் மேடைக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவை. 985 முதல் 1014 வரை ஆண்ட அரசருக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. சோழர் காலச் செப்புத் திருமேனிகளிலும் தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்று ஓவியங்களிலும் பார்ப்பதில் பெரும்பகுதி தைக்காத துணி. சுற்றி, கொசுவி, முடிந்து உடுத்தியிருப்பார்கள். தைத்த உடை என்றால் துணியின் குறையைத் தையல்காரர் ஓரளவு மறைத்துவிடுவார். இங்கே மறைக்க இடமே கிடையாது. துணி விழுகிற விதம் சரியாக இருந்தால் நகை குறைந்தாலும் காலம் தெரியும். துணி விறைத்து நின்றால் எவ்வளவு நகை மாட்டினாலும் சரியாக வராது. அதனால் கையில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் துணிக்கே ஒதுக்குங்கள்.

கடைக்குப் போகும் முன் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்கோ சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்துக்கோ ஒரு முறை போய் வாருங்கள். தஞ்சையில் இருக்கும் திருவெண்காட்டு ரிஷபவாகனர் 1011இல் செய்யப்பட்டவர், உங்கள் நாடகத்தின் காலத்துக்கு நேராக வருகிறார். ஆண் திருமேனிகளில் குட்டையான அரையாடை தொடையோடு ஒட்டிக் கிடக்கும். அதன் மேல் இடைக்கட்டுத் துணி முன்பக்கம் வளைந்து தொங்கும். இடுப்பின் இருபுறமும் முடிச்சு, அதிலிருந்து தலைப்பு கீழே விரிந்து இறங்கும். அம்மன் திருமேனிகளில் ஆடை கணுக்கால் வரை காலோடு ஒட்டிப் போகும், அதில் பட்டை பட்டையாகக் கோடும் பூவும் செதுக்கியிருப்பார்கள். முன்பக்கம் மட்டும் படம் எடுக்காமல் பக்கவாட்டிலும் முடிந்தால் பின்பக்கமும் எடுங்கள். முடிச்சு எங்கே விழுகிறது, தலைப்பு எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். துணி எத்தனை மீட்டர் என்ற கணக்கும் அதிலிருந்தே வரும்.

இப்போது பருத்தி. கடையில் "காட்டன் துணி" என்று மட்டும் கேட்டால் ஷர்ட் துணியை எடுத்துப் போடுவார்கள். நூல் நம்பர் சொல்லிக் கேளுங்கள். நம்பர் கூடக் கூட நூல் மெலியும். அரசர், அரச குடும்பம், அந்தணர் பாத்திரங்களுக்கு 80, 100ஆம் நம்பர் வேட்டித் துணி அல்லது மல் (மெல்லிய மஸ்லின் வகைப் பருத்தி). அதிகாரி, வணிகர் என்றால் 60. வீரன், உழவன், பணியாள் பாத்திரங்களுக்கு 20 முதல் 40 வரை உள்ள தடித்த கைத்தறி அல்லது கதர். மேடையில் யார் பெரியவர் என்பது நிறத்தைவிட நூலின் மெலிவில்தான் முதலில் தெரியும், பார்ப்பவர்களுக்குக் காரணம் புரியாவிட்டாலும்.

ஆண்களுக்கு மீட்டர் துணியைவிட வேட்டியாகவே வாங்குவது லாபம், இருபுறமும் கரை நெய்தே வரும். பஞ்சகச்சத்துக்கு விற்கும் "ஒன்பது ஐந்து" செட்டில் 9 முழ வேட்டியும் 5 முழ அங்கவஸ்திரமும் இருக்கும். ஒரு முழம் சுமார் 45 செ.மீ. என்று வைத்தால் வேட்டி 4 மீட்டரைச் சற்றுத் தாண்டும். அரசருக்கும் அமைச்சருக்கும் அது போதும். கரையில் மட்டும் கவனம் வேண்டும். பளபளக்கும் பிளாஸ்டிக் சரிகைக் கரை மேடை விளக்கில் வெள்ளிக் காகிதம் போல மின்னும். சரிகையில்லாத நூல் கரை, முடிந்தால் ஒரு விரல் அகலத்தில், கேட்டு வாங்குங்கள். கோ-ஆப்டெக்ஸ் கடைகளிலும் சர்வோதய சங்கக் கதர்க் கடைகளிலும் இது கிடைக்கும். காடாத் துணியும் (தறியிலிருந்து வந்தபடியே வெளுக்காத பருத்தி) சாதா வேட்டியும் மொத்தமாக வேண்டுமென்றால் ஈரோட்டு வாரச் சந்தை, செவ்வாய்க்கிழமை. சென்னையில் பாரிமுனை கோடவுன் தெரு. கரையை உங்கள் விருப்பப்படி நெய்து வாங்க நினைத்தால் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பேசலாம். ஆனால் தறியில் ஒரு பாவு (நீளவாக்கு நூல்) ஏற்றிவிட்டால் அது முடியும் வரை அதே கரையில்தான் ஓட்ட முடியும். 12 பேருக்கும் ஒரே கரை வைக்க முடியாது என்பதால் வீரர்கள், சேடியர் போன்ற கூட்டப் பாத்திரங்களுக்கு மட்டும் இந்த வழி.

கடையில் நின்றபடியே செய்ய வேண்டிய சோதனைகள் சில உண்டு. ஓரத்திலிருந்து இரண்டு நூல் உருவிக் கடைக்கு வெளியே வந்து கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கடினமான மணியாக உறையும். பட்டு தலைமுடி கருகும் வாசனை அடிக்கும், மிஞ்சுவது விரலில் நசுக்கினால் பொடியாகும். விசைத்தறி வேட்டிகளில் பாலியஸ்டர் கலப்பு அதிகம், அதனால் பாவு நூலையும் ஊடை (குறுக்கு) நூலையும் தனித்தனியாகக் கொளுத்திப் பார்ப்பது அவசியம். ரேயான் இந்தச் சோதனையில் பருத்தி மாதிரியே எரிந்து ஏமாற்றிவிடும். அதற்கு ஒரு நூலின் நடுவை ஈரமாக்கி இரு முனையையும் பிடித்து இழுங்கள். ரேயான் ஈரமான இடத்திலேயே அறுபடும். பருத்தி ஈரத்தில் வலுவாகும், அதனால் காய்ந்த இடத்தில் அறுபடும்.

துணி எப்படி விழும் என்பதைப் புதுத் துணியில் கணிக்க முடியாது. கஞ்சி போட்டு இஸ்திரி செய்து வைத்திருப்பார்கள். ஒரு வேட்டி மட்டும் வாங்கி வந்து துவைத்து, காய்ந்ததும் நடுவில் ஒரு இடத்தைக் கிள்ளித் தூக்குங்கள். மடிப்புகள் நெருக்கமாக, நேராகக் கீழே இறங்கினால் மீதியையும் அதே கட்டிலிருந்து வாங்கலாம். குடை மாதிரி விரிந்தால் விட்டுவிடுங்கள்.

வாங்கிய பின் முதல் வேலை கஞ்சி எடுப்பது. காடாவுக்கு இது கட்டாயம். 1 கிலோ துணிக்குச் சுமார் 25 கிராம் சலவை சோடா, கொஞ்சம் சோப்பு, துணி தாராளமாகப் புரளும் அளவுக்குத் தண்ணீர், 1 மணி நேரம் கொதி. தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அலசுங்கள். இன்னும் நிறம் வந்தால் திரும்ப ஒரு தடவை. காய்ந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே பரவ வேண்டும். முத்தாக நின்றால் கஞ்சியோ மெழுகோ பாக்கியிருக்கிறது, சாயம் திட்டுத் திட்டாகத்தான் ஏறும். காடா இதில் 5 முதல் 10 சதவீதம் சுருங்கும். 4 மீட்டரில் 40 செ.மீ. வரை போய்விடலாம். அளவு பார்த்து வெட்டுவது இதற்குப் பிறகுதான்.

தும்பைப்பூ வெள்ளை வேண்டாம். கடை வெள்ளையில் ஒளிரும் ரசாயனம் ஏற்றியிருப்பார்கள். நீலம் கலந்த எல்.ஈ.டி. விளக்கில் அது தனியாக ஒளிர்ந்து மற்ற எல்லாவற்றையும் மங்கலாக்கும், கேமராவில் மடிப்பே தெரியாது. சோடாவில் கொதித்த காடாவின் இளம் பழுப்பு வெள்ளையே மேடைக்குப் பொருந்தும்.

சிவப்புக்குச் சோழமண்டலக் கரையில் பழைய வழி சாயவேர். கரையோர மணற்பாங்கில் வளரும் சிறுசெடியின் வேர் அது. இன்று கடையில் கேட்டவுடன் கிடைக்காது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மஞ்சிட்டி நிறத்தில் அதற்கு நெருங்கி வரும். 1 கிலோ காய்ந்த துணிக்கு (மல் என்றால் 10 முதல் 12 மீட்டர்) 200 கிராம் கடுக்காய்த் தூள், 150 கிராம் படிகாரம், 500 கிராம் மஞ்சிட்டித் தூள். கடுக்காய்த் தூளை இரவு ஊறவைத்து வடிகட்டி, அந்த நீரில் துணியைச் சில மணி நேரம் வைத்துப் பிழிந்து, அலசாமல் உலர்த்துங்கள். துணி வெளிர் மஞ்சளாகும். அடுத்து படிகாரத்தை வெந்நீரில் கரைத்து துணியை இரவு முழுக்க ஊறவைத்து உலர்த்தி, ஒரே ஒரு முறை லேசாக அலசுங்கள். பிறகு மஞ்சிட்டி. தூளை மெல்லிய துணிப் பையில் கட்டி எவர்சில்வர் அண்டாவில் போட்டு, துணியையும் இறக்கி, 1 மணி நேரத்தில் மெதுவாகச் சூட்டை 60–70 டிகிரிக்கு ஏற்றி, அதே சூட்டில் இன்னும் 1 மணி நேரம் வையுங்கள். கொதிக்க விட்டால் சிவப்பில் பழுப்பு ஏறிவிடும். அடுப்பை அணைத்து இரவு முழுக்க அதிலேயே விட்டால் நிறம் இன்னும் ஆழமாகும். தண்ணீரில் சுண்ணாம்பு இருந்தால் இந்தச் சிவப்புக்கு நல்லதே. இரும்பு கலந்த போர்த் தண்ணீர் என்றால் நிறம் செத்துவிடும், மழைநீரோ குடிநீரோ எடுங்கள். அண்டா நெருக்கமாக இருந்தாலும் கிளறாமல் விட்டாலும் திட்டு விழும். நாடகத்துக்கு வேண்டிய மொத்தத் துணியையும் ஒரே அண்டாவில் திணிக்க ஆசை வரும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

மஞ்சளுக்கு மஞ்சள் தூளைப் போடாதீர்கள். வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், சோப்புப் பட்டால் சிவக்கும். படிகாரம் ஏற்றிய துணியில் மாதுளை ஓடு கொதித்த நீர் நிலைத்த மஞ்சள் தரும். கறுப்புக்கு, கடுக்காய் ஏற்றிய துணியை, துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் ஊறிப் புளித்த நீரில் நனைத்தால் உடனே கறுக்கும். ஆனால் இரும்பு நாளடைவில் பருத்தியை நைக்கும், அதனால் துணியில் கரையும் கோடும் போட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீலத்துக்கு அவுரி. தலைமுடிக்கு விற்கும் அவுரி இலைப் பொடி துணிக்குப் போதாது, நீலக்கட்டி வேண்டும், தொட்டி கட்டி நுரைக்க வைக்கத் தெரிந்தவர் வேண்டும். ஒரே நாடகத்துக்காக இதில் இறங்குவதைவிட, அவுரி சாயம் போட்ட துணியை மீட்டரில் வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

அச்சுத் துணி போடலாமா என்றால், போடலாம். குஜராத்தில் அச்சிட்ட பருத்தித் துண்டுகள் எகிப்தின் ஃபுஸ்தாத்தில் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. இடைக்காலத்தில் அச்சுத் துணி கடல் தாண்டிப் போயிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அஜ்ரக் (கட்ச் பகுதியின் மர அச்சுத் துணி) போன்ற அச்சில் சிறிய, திரும்பத் திரும்ப வரும் வடிவங்களை மட்டும் எடுங்கள். மாங்காய்க் கொத்து போட்ட துணி எதுவும் இந்த நாடகத்துக்கு வேண்டாம்.

பட்டில்தான் அதிகம் பேர் தவறான துணி வாங்குகிறார்கள். காஞ்சிபுரம் சேலையின் கனமும் அகலச் சரிகைக் கரையும் முந்தியும் பிற்காலத்துத் தோற்றம் தரும், உடம்போடு ஒட்டாது. "ரா சில்க்" என்று விற்பது விறைப்பானது, பெரும்பாலும் பாலியஸ்டர். சேலம் வெண்பட்டு வேட்டியின் மெலிவும் விழும் விதமும் நமக்குச் சரி. சீனப் பட்டை நாடகத்தில் காட்டவும் தயங்க வேண்டாம். நூறாண்டு கழித்து, 12ஆம் நூற்றாண்டில், மேலைச் சாளுக்கிய அரசர் மூன்றாம் சோமேசுவரர் எழுதிய மானசோல்லாசம் என்ற நூல் அரசர்க்கான துணிகள் வரும் இடங்களில் நாகப்பட்டினத்தோடு மகாசீனத்தையும் சேர்த்துச் சொல்கிறது. பணம் குறைவு என்றால் பழைய பட்டுச் சேலைகள் இருக்கின்றன. சரிகையை உருக்குவதற்காக வாங்குபவர்களிடம் உடல் பகுதியை மட்டும் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கு அது அவ்வளவாகத் தேவைப்படாது. வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மடிப்புக் கோடுகளைப் பாருங்கள். அங்கே மயிரிழை வெடிப்பு தெரிந்தால் முதல் ஒத்திகையிலேயே கிழியும்.

அளவு: அரசருக்கு 9 முழப் பட்டு, 5 முழ உத்தரீயம், இடைக்கட்டுக்கு 2 மீட்டர் மல். வீரனுக்கு அரையாடை 2 மீட்டர், இடைக்கட்டு 2 மீட்டர், தலைக்கட்டு 1.5 மீட்டர். பெண்களுக்குக் கீழாடை 4 முதல் 4.5 மீட்டர் மல், கச்சு 1 மீட்டர். இன்றைய மாதிரி தோளில் முந்தி வேண்டாம். தோளை மூட வேண்டுமென்றால் தனி மேலாடை கொடுங்கள். கச்சுக்கு அடியில் தோல் நிறத்தில் இறுக்கமான உள்ளாடை போட்டால் நடிப்பவருக்குக் கூச்சமும் இருக்காது, நழுவும் பயமும் இருக்காது. திருமேனிகளில் தெரியும் நெருக்கமான மடிப்பு வர, ஈர மல்லைக் கொசுவி, கயிறு மாதிரி முறுக்கி, மூன்று நான்கு இடத்தில் கட்டி முழுதாக உலர விடுங்கள். மேடையேறும் முன் அவிழ்த்தால் மடிப்பு அன்று முழுக்க நிற்கும். கொசுவத்தை உள்பக்கம் ஒரு நாடாவில் தைத்துவிடுங்கள். சேப்டி பின் மெல்லிய மல்லைக் கிழித்துவிடும்.

தோலுக்குச் சென்னை பெரியமேடு. பட்டை பதனிட்ட (மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்திய) தோல் என்று கேளுங்கள். வெட்டிய விளிம்பு முழுக்கப் பழுப்பாக இருந்தால் அது சரி. நீலச் சாம்பல் தெரிந்தால் குரோம் தோல், இன்றைய செருப்பு, பை போலத்தான் தோன்றும். வாள் வார்க்கு 2 மி.மீ., கேடய உறைக்கு 3 மி.மீ. போதும். வார்ப்பூட்டு, ஜிப் எதுவும் வைக்காமல் முடிச்சிலும் பித்தளை ஆணியிலும் முடியுங்கள்.

நகைக்கு மயிலாப்பூர் மாடவீதிக் கடைகளில் பரதநாட்டிய செட் உடனே கிடைக்கும். ஆனால் சிவப்புக் கல் பதித்த அந்த செட் முழுவதும் வேண்டாம். கல்லில்லாத பொன்மணிக் கோவை, அகலக் கழுத்தணி, தோள்வளை, வயிற்றில் உதரபந்தம், நீண்ட குழை இவை போதும். தோள்வளையை மெல்லிய பித்தளைத் தகட்டில் வெட்டி, உள்பக்கம் துணி ஒட்டினால் தோலில் பச்சைக் கறை படியாது. மகுடத்தைக் காகிதக் கூழில் செய்து பொன் தாள் ஒட்டுங்கள். அரைக் கிலோவைத் தாண்டினால் நடிகர் தலையை அசைக்கவே பயப்படுவார்.

வாங்கும் வரிசையும் முக்கியம். சாயத் துணிக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னதாகத் தொடங்குங்கள். மழைக்காலம் என்றால் நாலு வாரம், கடுக்காய் ஏற்றிய துணி ஈரமாகவே கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். தோலும் பித்தளையும் அடுத்து. பட்டைக் கடைசியாக, உடுத்திப் பழக ஒரு வாரம் விட்டு வாங்குங்கள். அதுவரை அதே நீளக் காடாத் துணியிலேயே எல்லாரும் ஒத்திகை பார்க்கட்டும்.