பேஸ்பாலில் முன்னேறப் பிறவித் திறமை வேண்டுமா, உழைத்தால் போதுமா?

உங்கள் பையனைப் பள்ளி பி.இ.டி. சார் பேஸ்பாலுக்குக் கூப்பிடுகிறார். "அவனுக்கு டேலண்ட் இருக்கிறதா, இல்லாவிட்டால் உழைத்து வரவழைக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கடலூர்க்காரன். கல்லூரி முடிகிற வரை பிட்ச்சராக, அதாவது பேட்டருக்குப் பந்து எறிகிறவனாக, ஆடினேன். மாவட்ட அணி, பிறகு மாநில அணி. இப்போது புதுச்சேரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லாம் தெரிந்தவன் என்று சொல்ல வரவில்லை, ஆனால் இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுச் சும்மா போக மனசு வரவில்லை.

கை வேகம் பெரும்பாலும் பிறவியில் வருவதுதான். 2008-ல் உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு ஈட்டி எறிகிற பையன்கள், ஒரு எறிதல் போட்டியில் தேறி, அதே வருஷம் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தமானார்கள். ஈட்டி பிடித்த கை அவ்வளவு தூரம் கொண்டுபோனது. ஆனால் அங்கே உச்சநிலையான மேஜர் லீக் ஆட்டத்தில் இருவராலும் இறங்க முடியவில்லை. வேகமாக எறிவது வேறு, 18.44 மீட்டர் தள்ளி, பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிற கேட்ச்சர் தன் மிட்டை (தடித்த கிளவுஸை)க் காட்டுகிற இடத்தில் கொண்டுபோய்ப் போடுவது வேறு. இரண்டாவது பல வருஷப் பழக்கம்.

சரி, அப்படியானால் உழைப்புத்தானே என்பீர்கள். தனியாளாக உழைக்க முடியாத ஆட்டம் சார் இது. ஓடலாம், தண்டால் எடுக்கலாம். ஆனால் எறிந்த பந்தைப் பிடித்து, "ஷோல்டர் சீக்கிரம் ஓபன் ஆவுது பாரு" என்று சொல்லித் திருப்பி எறிய எதிரே ஒருவன் வேண்டும்.

எனக்கு அப்படி ஒருவன் இருந்தான், என் கேட்ச்சர். தேவனாம்பட்டினத்துப் பையன். அவன் அப்பா விசைப்படகில் போகிறவர். மீன் இறக்க அவனும் போயாக வேண்டும். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால்தான் எங்களுக்கு முழுசாகப் பயிற்சி. படகு கடலுக்குப் போகாது, கூடவே பள்ளி லீவும் வந்துவிடும். ஒருமுறை அவன் மிட்டின் வார் அறுந்துபோனது. புதுசு வாங்க இரண்டு வீட்டிலும் வழியில்லை. வலை பின்னுகிற ஊசியையும் நைலான் நூலையும் எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற பகுதியை அவனே பின்னினான். பந்து பட்டால் அழுத்தும் என்று முடிச்சு அத்தனையையும் வெளிப்பக்கம் தள்ளியிருந்தான். அந்தப் பின்னல் கடைசி வரை அறுகவில்லை.

என் கர்வ் பாலை, அதாவது வளைந்து கீழே இறங்குகிற பந்தை, எல்லோரும் பாராட்டுவார்கள். ரன்னுக்கு ஒரு படி முன்னால், மூன்றாவது பேஸில், எதிரணி ஆள் நிற்கும்போது அதைத் தாழ்வாகப் போட எந்தப் பிட்ச்சருக்கும் பயம் இருக்கும். பந்து தரையில் குத்திப் பின்னால் போனால் ரன் போய்விடும். இவன் நெஞ்சைக் கொடுத்து மறித்துக் காலடியில் போட்டுவிடுவான். அந்தத் தைரியத்தில்தான் நான் போட்டேன். மாநிலத் தேர்வில் என்னை எடுத்தார்கள், அவனை எடுக்கவில்லை. உயரம் போதாதாம்! இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. நண்பன் என்பதால் தூக்கிப் பேசுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். ஜப்பான்காரர் இச்சிரோ 2004-ல் மேஜர் லீக்கில் ஒரே சீசனில் 262 ஹிட் (அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸை எட்டுவது) அடித்து, 1920 முதல் நின்ற சாதனையை உடைத்தார். உழைப்பு என்றால் அவரைத்தான் உதாரணம் காட்டுகிறோம். சின்ன வயதில் அவரோடு தினமும் திடலுக்குப் போய்ப் பந்து போட்டவர் அவருடைய அப்பா.

கிரிக்கெட்டைக் குறை சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம், நானும் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவன்தான். ஆனால் கிரிக்கெட் பேட்டிங் கணக்கை இங்கே கொண்டுவந்து, அடிக்கடி அவுட் ஆகிறான் என்று பையனைத் திட்டாதீர்கள். பேஸ்பாலில் பத்து வாய்ப்புக்கு மூன்று ஹிட் அடிப்பவன் நல்ல பேட்டர். அமெரிக்க பேட்டர் டெட் வில்லியம்ஸ் 1941-ல் எடுத்த .406 சராசரியை இன்றும் அதிசயமாகப் பேசுகிறார்கள். அதுவும் பத்துக்கு நாலுதான்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஆடிய திடலைப் பொருட்காட்சிக்கும் கூட்டத்துக்கும் வாடகைக்கு விடுவார்கள். பந்தல் பிரித்த பிறகு கம்பு நட்ட குழிகளை மூட ஒருவரும் வரமாட்டார்கள். உருண்டு வருகிற பந்து குழி விளிம்பில் பட்டு முகத்துக்கு எகிறும். இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கிற ஷார்ட்ஸ்டாப் ஆடின பையனுக்கு உதடு கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. ஆணி பொறுக்கிவிட்டுத்தான் பயிற்சியே தொடங்குவோம். வாடகை வாங்குகிறவர்கள்தான் குழியையும் மூடித் தர வேண்டும், இதைக் கேட்க ஆளில்லை.

பி.இ.டி. சாரைப் பார்க்கும்போது, அணியில் கேட்ச்சர் யார், அந்தப் பையன் வீடு உங்கள் பக்கமா என்று விசாரியுங்கள். உங்கள் பையன் வலது கையால் எறிகிறவன் என்றால் கிளவுஸ் இடது கைக்கு வாங்க வேண்டும். முடிந்தால் இரண்டு வாங்குங்கள். பக்கத்தில் யாரும் கிடைக்காவிட்டால் இன்னொன்றை நீங்கள் மாட்டிக்கொண்டு எதிரே நில்லுங்கள் சார்.