வாரன் என்பது இடமா, சக்தியா?

கேள்வி: ஸ்டீவன் எரிக்சனின் மலாசன் என்ற மாயக்கதை நாவல் வரிசையில் ‘கார்டன்ஸ் ஆஃப் தி மூன்’ படித்துக்கொண்டிருக்கிறேன். வாரன், ஓட்டடாரல் என்று மந்திரச் சொற்கள் வந்துகொண்டே இருக்கின்றன, எதற்கும் விளக்கம் காணோம். முந்தைய பாகம் எதையாவது விட்டுவிட்டேனா?

பதில்: எதையும் விடவில்லை. 1999-ல் வந்த அந்த நாவல்தான் பத்துப் பாகங்களில் முதலாவது. அதில் வருகிறவர்கள் அந்த உலகத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். தங்களுக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். எரிக்சன் வேண்டுமென்றே செய்வது இது.

வாரன் என்பது ஆங்கிலத்தில் முயல் வளைகளைக் குறிக்கும் சாதாரணச் சொல்தான். நம் ‘வளை’யையே நினைத்துக்கொள்ளுங்கள். நுழையும் வழியும் அதுதான், குடியிருக்கும் இடமும் அதுதான். மந்திரவாதி தன் வாரனைத் திறந்து சக்தியை இழுக்கிறார். கைதேர்ந்தவர் அதற்குள்ளேயே புகுந்து நடந்து வேறோர் ஊரில் வெளிவருகிறார். ஆக, இடமும் அதுவே, சக்தியும் அதுவே. இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் அடுத்த அத்தியாயத்திலேயே குழப்பம் வந்துவிடும்.

பெயர்களை இரண்டு அடுக்காகப் பிரியுங்கள். மனிதர்கள் கையாளுபவை ஒன்று: குணப்படுத்த டெனுல், ஒளிக்கு தைர், இருளுக்கு ரஷான், நிழலுக்கும் மாயத்தோற்றத்துக்கும் மீனாஸ். மற்றது பழைய இனங்களின் மூத்த வாரன்கள்: டிஸ்டே ஆண்டிகளின் குரால்ட் கலேன், ஜாகுட்களின் ஓம்டோஸ் ஃபெல்லாக். ரஷான், குரால்ட் கலேன் இரண்டும் இருள்தானே என்று சேர்த்துவிடாதீர்கள். பலரும் சறுக்கும் இடம் இது.

ஓட்டடாரல் புரிய, பேரரசியின் உதவியாளரான லார்ன் என்ற பெண்ணின் வாளைக் கவனித்தால் போதும். அந்தத் தாது இருக்கும் இடத்தில் மந்திரம் செத்துப்போகிறது. எதிரியின் மந்திரமா, நம் பக்கத்து மந்திரமா என்று அது பார்ப்பதில்லை. அவள் அருகில் வந்தால் மந்திரவாதிகள் ஏன் நெளிகிறார்கள் என்பது இப்போது விளங்கும்.

ஒரு தாளில் சொல்லுக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். யார் பயன்படுத்தினார், என்ன நடந்தது, அவருக்கு என்ன இழப்பு, எது தடுத்தது என்பதை மட்டும் பென்சிலால் குறியுங்கள். அர்த்தத்துக்கான இடம் காலியாகவே இருக்கட்டும், மூன்றாவது முறை அந்தச் சொல் வரும்போது நிரப்பலாம். முதல் முறையே எழுதிவிட்டால், பாத்திரம் ஒன்று தப்பாக நம்புவதை உண்மையென்று பதிந்துவிடுவீர்கள். அப்படி நம்புகிறவர்கள் இந்த வரிசையில் ஏராளம்.

கேள்வி: கடைசிப் பக்கங்களில் இருக்கும் சொல்லகராதியைப் பார்க்கலாமா? இணையத்தில் தேடலாமா?

பதில்: சொல்லகராதியைத் தாராளமாகப் பாருங்கள். வாரன்களின் பட்டியல் அதில் இருக்கிறது, கதையைக் கெடுக்காது. கதையில் குறி பார்க்கப் பயன்படும் டிராகன் சீட்டுக்கட்டின் பட்டியலும் உண்டு. சீட்டில் இருப்பது பதவியே தவிர ஆளின் பெயரல்ல என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், பதவிக்கு ஆள் மாறலாம். இணையத்தில் பாத்திரங்களின் பெயரைத் தேடவே தேடாதீர்கள். அவர்கள் முடிவு முதல் வரியிலேயே கிடக்கும்.

2004-ல் வந்த ஐந்தாம் பாகமான ‘மிட்நைட் டைட்ஸ்’ வேறொரு கண்டத்தில் நடக்கிறது. அங்கே வாரனுக்குப் பதில் ‘ஹோல்டு’, சீட்டுக்குப் பதில் ஓடுகள். பழைய தாளில் சேர்க்காமல் அதற்குப் புதுத் தாள் எடுங்கள்.