சிகரெட் அட்டையில் இருக்கும் எச்சரிக்கை மனதில் நிற்கிறதா? கேள்வி பதில்

சிகரெட், பீடி பாக்கெட்டுகளில் வரும் எச்சரிக்கைப் படங்களைப் பற்றியும், அவற்றைப் பார்ப்பவர் நினைவில் என்ன தங்குகிறது என்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

செந்தில், ஈரோடு: சார், பல வருஷமாகப் பிடிக்கிறேன். பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று திடீரென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அப்புறம் எதற்கு அதை அச்சடிக்கிறார்கள்?

வாசகத்தைத்தான் மறந்திருப்பீர்கள். என்ன படம் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

வெறும் எழுத்தாக இருந்தால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். அமெரிக்காவில் 1966 முதல் பாக்கெட்டில் எச்சரிக்கை வாசகம் உண்டு. பின்னாளில் விளம்பரங்களிலும் அது வந்தது. 1989-இல் வெளியான ஓர் ஆய்வில் 61 பதின்வயதினரிடம் சிகரெட் விளம்பரங்களைக் காட்டி, அவர்கள் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 44 முறை எச்சரிக்கையின் பக்கம் கண் போகவே இல்லை. விளம்பரத்தைப் பார்த்த மொத்த நேரத்தில் எச்சரிக்கைக்குக் கிடைத்தது சராசரியாக 8% தான். கண்ணே போகாத ஒன்று நினைவுக்கு எப்படிப் போகும்?

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2012-இல் இதே முறையில் 200 புகைப்பவர்களிடம் சோதித்தார்கள். எழுத்து மட்டும் இருந்த விளம்பரத்தைப் பார்த்தவர்களில் 50% பேர் எச்சரிக்கையைச் சரியாக நினைவுகூர்ந்தார்கள். படத்தோடு பார்த்தவர்களில் 83% பேர். எச்சரிக்கை வாசகத்துக்குக் கண் சீக்கிரம் போனவர்களும், படத்தின் மேல் அதிக நேரம் நிலைத்தவர்களும்தான் நன்றாக நினைவு வைத்திருந்தார்கள்.

மேரி, தூத்துக்குடி: கோரமான படம்தான் மனதில் நிற்கும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் பாக்கெட்டைத் திருப்பி வைத்துவிடுகிறாரே! பார்க்காதவருக்கு என்ன நினைவிருக்கும்?

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. அச்சமோ அருவருப்போ எழும்போது மூளையில் அமிக்டலா என்ற பகுதி வேலை செய்கிறது. நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் உணர்ச்சியோடு பார்த்தது மெதுவாகத்தான் மங்கும். ஆனால் கவனம் முழுக்கக் கோரமான இடத்திலேயே குவிந்து, சுற்றியுள்ள விவரம் தவறிப்போகவும் செய்யும். தியேட்டரில் காட்டிய முகேஷ் விளம்பரத்தை நினைத்துப் பாருங்கள். பெயரும் முகமும் உடனே வரும். வாய்ப்புற்றுநோயால் 24 வயதில் இறந்த அந்த இளைஞர் எதைப் பழகியிருந்தார் என்று கேட்டபோது, சிகரெட் என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. அவர் மென்றது குட்கா. படம் மனதில் நின்று, அது எதைச் சொல்ல வந்ததோ அது நழுவிப்போவது இப்படித்தான். ஆகவே படமும் வாசகமும் ஒரே நோயை, ஒரே பார்வையில் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரர் திருப்பி வைப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கனடாவின் ஒன்டாரியோவில் 616 புகைப்பவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 30% பேர் படத்தைத் தவிர்க்க முயன்றார்கள். ஆனாலும் அவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாக அதைப் பற்றி நினைக்கவில்லை, விட முயல்வதிலும் பின்தங்கவில்லை. அதிகமாக அச்சமும் அருவருப்பும் அடைந்தவர்களே மூன்று மாதத்தில் விட்டோ, விட முயன்றோ, குறைத்தோ இருந்தார்கள். எதைப் பார்க்கக் கூடாது என்று தெரிந்திருந்தால்தானே திருப்பி வைக்க முடியும்?

அன்வர், வாணியம்பாடி: புகைத்தால் கேன்சர் வரும் என்பது குழந்தைக்கும் தெரியும். இதில் புதிதாக நினைவு வைக்க என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் எழுத விரும்பினேன். எல்லோருக்கும் தெரிந்தது கேன்சர் என்ற ஒரு சொல். மாரடைப்பு? பக்கவாதம்? காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக் காலை எடுக்க நேர்வது? கண்பார்வை மங்குவது? ஆண்மைக்குறைவு? வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனால் 'தெரியும்' என்ற பதில் குறைந்துகொண்டே வரும்.

2002-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நான்கு நாடுகளில் 9,000-க்கும் மேற்பட்ட புகைப்பவர்களிடம் கேட்டார்கள். அப்போது கனடா பாக்கெட்டில் மட்டும்தான் ஆண்மைக்குறைவு பற்றிய எச்சரிக்கை இருந்தது. புகை அதற்குக் காரணம் என்று ஒப்புக்கொள்ளும் வாய்ப்பு, மற்ற மூன்று நாட்டவரைவிடக் கனடாக்காரர்களுக்கு 2.68 மடங்கு அதிகமாக இருந்தது. பள்ளிக்கூடமோ டாக்டரோ சொல்லித்தராததை ஓர் அட்டை சொல்லித்தந்திருக்கிறது.

இதை வைத்து நம் பாக்கெட்டைப் பாருங்கள். 2016-இல் 'புகைப்பது தொண்டைப் புற்றுநோயை உண்டாக்கும்' என்ற பொருளில் வாசகம் இருந்தது. பிறகு வந்தவை 'புகையிலை வலிமிகுந்த மரணத்தை ஏற்படுத்தும்', 'புகையிலை பயன்படுத்துவோர் இளம் வயதில் இறக்கின்றனர்' என்பவை. கடுமையான வார்த்தைகள்தான், ஆனால் எந்த நோய், உடம்பில் எங்கே என்று அவை சொல்வதில்லை. நெஞ்சை அடைக்கும்போது அதைப் புகையோடு இணைத்துப் பார்க்க அந்த மனிதருக்கு எதுவும் கற்றுத்தரவில்லை. அட்டையில் 85% இடத்தை வாங்கி வைத்துக்கொண்டு அதில் மாரடைப்பைப் பற்றி ஒரு வரி போடாமல் இருப்பது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

பிரகாஷ், சேலம்: அமெரிக்காவில் ஏன் இன்னும் படம் இல்லை?

2009-இல் சட்டம் வந்தது. 2011-இல் படங்களும் தயாராயின. கம்பெனிகள் வழக்குப் போட்டு, 2012-இல் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020-இல் புதிதாக 11 எச்சரிக்கைகள் அறிவித்தார்கள். மறுபடியும் கோர்ட்.

தர்ஷினி, யாழ்ப்பாணம்: வணக்கம் ஐயா. இங்கே பெட்டியில் 80% படம்தான். ஆனால் கடையில் ஒவ்வொன்றாகத்தானே வாங்குகிறார்கள். பெட்டி கடைக்காரரிடம் அல்லவா இருக்கிறது?

சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டுப் பெட்டிக்கடையிலும் இதேதான். ஒன்று வாங்கி, அங்கேயே பற்றவைத்துப் போகிறவர் கையில் பாக்கெட்டே வருவதில்லை. நினைவு பதிய அடிக்கடி பார்க்க வேண்டும். முழுப் பாக்கெட் வாங்குபவர் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் பார்க்கிறார். சில்லறையாக வாங்குபவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. இளைஞர்களும் கூலி வேலைக்காரர்களும்தான் பெரும்பாலும் இப்படி வாங்குகிறார்கள் என்பது இன்னும் கொடுமை.

இதற்குக் கனடா ஒரு வழி கண்டது. 2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஒவ்வொரு சிகரெட்டின் மேலேயே எச்சரிக்கையை அச்சிட வேண்டும். 'ஒவ்வொரு இழுப்பிலும் விஷம்' என்பது அதில் ஒன்று. சில்லறை விற்பனை நிற்காத நாடுகளுக்கு இது கனடாவைவிட அதிகம் தேவை என்பது என் கருத்து.

முருகேசன், காரைக்குடி: பார்த்துப் பார்த்துப் பழகிவிடாதா?

பழகிவிடும். எழுத்து சீக்கிரம் பழகும், படம் கொஞ்சம் தாமதமாகப் பழகும். அதனால்தான் இந்தியாவில் 12 மாதத்துக்கு ஒருமுறை படத்தை மாற்றுகிறார்கள்.

2009 மே 31-இல் படம் வந்தபோது முன்பக்கத்தில் மட்டும் 40% இடம். புகையில்லாப் புகையிலைக்கு ஒரு தேள் படம் போட்டார்கள். தேளுக்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு என்று பலருக்குப் புரியவில்லை. 2016 ஏப்ரலில் இரண்டு பக்கமும் 85% ஆனது. எச்சரிக்கையைப் பார்த்து 'விட்டுவிடலாமா' என்று நினைத்ததாகச் சொன்ன சிகரெட்காரர்கள் 2009-10 தேசியக் கணக்கெடுப்பில் 38%, 2016-17-இல் 62%. பீடிக்காரர்களில் அது 29%-இலிருந்து 54% ஆனது. முழுப் பெருமையும் படத்துக்கே என்று சொல்ல மாட்டேன், இடையில் விலையும் வரியும் மாறின. ஆனால் கேள்வியே எச்சரிக்கையைப் பற்றியதுதான் என்பதால் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

கயல்விழி, தென்காசி: என் அப்பா பீடி குடிக்கிறார். படத்தைக் காட்டினால் 'எல்லாம் தெரியும் போ' என்கிறார். நான் என்ன செய்வது?

அவர் சொல்வது உண்மைதான், கயல்விழி. 2016-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 2,149 பேரின் பாக்கெட்டில் நான்கு வாரம் எச்சரிக்கை ஒட்டினார்கள். படம் ஒட்டப்பட்டவர்களில் 40% பேர் விட முயன்றார்கள், எழுத்து மட்டும் ஒட்டப்பட்டவர்களில் 34%. ஆனால் 'எனக்கு நோய் வரும்' என்ற எண்ணம் படத்தால் கூடவில்லை. அதை அடிக்கடி நினைத்தார்கள், மற்றவர்களிடம் பேசினார்கள். அந்த நினைப்பும் பேச்சும் வேலை செய்தன.

ஆகவே நீங்கள் சொல்வதைவிட அவரைச் சொல்ல வையுங்கள். "அப்பா, இந்தப் பீடிக் கட்டு மேலே என்ன படம் போட்டிருக்கிறான்? அது எதனால் வருமாம்?" என்று சும்மா கேளுங்கள். ஒன்றை மறுபடி மறுபடி கேட்பதைவிட, தானே நினைவுபடுத்திச் சொல்வதுதான் ஆழமாகப் பதியும். சில நாள் விட்டு மறுபடி கேளுங்கள். சண்டையாக மாறினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். பயத்தோடு நல்ல செய்தியும் போகட்டும்: விட்ட ஒரே ஆண்டில், புகையால் கூடியிருந்த மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. கனடாவில் பாக்கெட்டுக்கு உள்ளே தாளில் அச்சிட்டு, விடுவதற்கான வழிகளைச் சொல்கிறார்கள். இங்கே அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

2018 செப்டம்பர் முதல் பாக்கெட்டில் 1800-11-2356 என்ற இலவச எண் அச்சாகிறது. புகையிலையை விட உதவும் ஆலோசகர்கள் அதில் பேசுவார்கள். எண்ணை உங்கள் போனில் போட்டு வையுங்கள். அப்பா என்றைக்காவது 'சரி, பார்க்கலாம்' என்று சொன்னால், அப்போதே அழைத்துப் போனை அவர் கையில் கொடுங்கள்.